அந்தக் கிடைக்கோட்டைக் குட்டையாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பிதழில் பொருளின் நிலைமாற்றம் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றிலும் இருப்பது ஒரே மூலக்கூறுதான் என்பதைச் சிறு பிள்ளைக்கும் விளங்கும்படி கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஆனால் பனிக்கட்டியைச் சூடேற்றி நீராவியாக்கும்வரை வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று காட்ட, பக்கத்தின் நடுவே போட்டிருந்த வளைகோட்டுப் படம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை உயரும்போது கோடு ஏறும்; உருகும்போதும் கொதிக்கும்போதும் வெப்பநிலை மாறாததால் கோடு கிடையாகப் போகும். ஏறுகிற மூன்று கோடுகளும் ஒரே சாய்வு, கிடையான இரண்டு கோடுகளும் ஒரே நீளம், பார்க்கப் படிக்கட்டு மாதிரி. பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதைப் பார்க்கிற பிள்ளை, பனிக்கட்டியை உருக்கவும் நீரை ஆவியாக்கவும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் பிடிக்கும் என்று மனதில் பதித்துக்கொள்ளும்.

ஒரு வரைபடத்தாளை எடுத்து அளவு வைத்து வரைந்து பாருங்கள். ஒரு கிராம் பனிக்கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் தொடங்குகிறது. அழுத்தம் வழக்கமான வளிமண்டல அழுத்தம். நிலை அச்சில் வெப்பநிலை. கிடை அச்சில் கொடுக்கும் வெப்பம், 100 ஜூலுக்கு (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) ஒரு சென்டிமீட்டர். பனிக்கட்டி 0 டிகிரிக்கு வர 42 ஜூல். அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அது முழுதும் உருக 334 ஜூல், அதாவது 3.3 செ.மீ. கிடைக்கோடு. உருகிய நீர் 100 டிகிரியைத் தொட 418 ஜூல், 4.2 செ.மீ. அடுத்தது கொதிப்பு. 2,260 ஜூல்! பென்சிலை வைத்து இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்: 22.6 செ.மீ. ஏ4 தாளின் அகலமே 21 செ.மீ.தான். இன்னொரு தாளை ஒட்டினால்தான் நீராவியின் கடைசிக் கோட்டுக்கு இடம் கிடைக்கும். அதுவும் 120 டிகிரி வரை போனால் 40 ஜூல்தான்.

வகுப்பில் இதைச் செய்யச் சொல்லும்போதெல்லாம், தாளின் ஓரத்துக்கு வந்ததும் யாராவது ஒரு பிள்ளை பென்சிலை எடுக்காமலே நிமிர்ந்து பார்க்கும். "சார், கோடு வெளியே போகுது." வெப்பநிலையை ஏற்றாமல் நிலையை மட்டும் மாற்றும் இந்த வெப்பத்துக்குப் பெயரான உள்ளுறை வெப்பம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன்.

படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியையும் திருத்த வேண்டும். கிடைக்கோட்டில் வெப்பநிலை ஏறாததால், அந்தக் கட்டத்தில் பொருள் வெப்பத்தை ஏற்பதில்லை என்று அதில் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. வளைகோட்டிலேயே மிக அதிக வெப்பம் உள்ளே போவது கொதிப்பின் கிடைக்கோட்டில்தான். மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத்தான் வெப்பநிலைமானி காட்டுகிறது. ஒன்றையொன்று பற்றியிருக்கும் மூலக்கூறுகளைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல் அதில் தெரியாது. உருகும்போது ஒழுங்கான அடுக்குதான் குலைகிறது, அண்டை மூலக்கூறுகள் அருகிலேயே இருக்கின்றன. கொதிக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து போகிறது. நீர் அடைத்திருந்த இடத்தைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் நீராவிக்குத் தேவை. சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளி அந்த இடத்தைப் பிடிக்கவே 2,260-ல் சுமார் 170 ஜூல் போய்விடுகிறது. மீதி முழுவதும் பிணைப்புகளை அறுப்பதற்கு.

இந்த நீளம் தெரியாவிட்டால் ஆபத்தும் உண்டு. 100 டிகிரி நீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு வரும்போது சுமார் 263 ஜூலைத் தோலில் இறக்குகிறது. அதே 100 டிகிரியில் ஒரு கிராம் நீராவி படிந்தால், முதலில் 2,260 ஜூலைக் கொடுத்து நீராகிறது, அதற்குமேல் அந்த 263-ஐயும் கொடுக்கிறது. வெப்பநிலைமானிக்கு இரண்டும் ஒன்றுதான். தோலுக்கு ஒன்பது மடங்குக்கும் மேல்.

உள்ளுறை வெப்பத்தை அளந்து காட்டிய அறிவியலாளர், 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த ஜோசப் பிளாக்கைப் பற்றியும் இரண்டு வரி போட்டிருக்கலாம். உருகுநிலையைத் தொட்டதும் பனி உருகிவிடும் என்றால், குளிர்காலம் முடிகிற அன்றே மலைப்பனி முழுதும் வெள்ளமாகப் பாய வேண்டுமே, ஏன் பாய்வதில்லை என்று கேட்டவர் அவர். ஒரே அறையில் இரண்டு கண்ணாடிக் கலங்களை வைத்தார். ஒன்றில் உறைநிலைக்குச் சற்றே மேலான நீர், மற்றதில் அதே எடைக்குப் பனிக்கட்டி. நீர் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வர பத்தரை மணி நேரம்! அந்தக் காத்திருப்பை வைத்தே அவர் கணக்கிட்ட உள்ளுறை வெப்பம் இன்றைய அளவுக்கு மிக அருகில் இருக்கிறது.

சாய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம், பனிக்கட்டியையும் நீராவியையும்போல் இரு மடங்கு, ஆகவே நடுக்கோடு மற்ற இரண்டின் பாதிச் செங்குத்தில்தான் ஏற வேண்டும். கிடை அச்சில் 'நேரம்' என்று போட்டிருப்பதும், சீரான வேகத்தில் வெப்பம் கொடுத்தால்தான் பொருந்தும்.

கடைசியாக, குளிர்தல் வளைகோடு இதையே திருப்பிப் போட்டதுதான் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சொந்த ஆதங்கம் ஒன்று உண்டு. மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் நாப்தலீனை, அதாவது அந்துருண்டைப் பொருளை, சோதனைக்குழாயில் உருக்கி ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தேன். 80 டிகிரியில் நிற்க வேண்டியது நிற்காமல் 78 வரை இறங்கியது. பிறகு தானாகவே 80-க்கு ஏறி அங்கே நின்றது. ஆய்வக ஆசிரியர் எட்டிப் பார்த்து, அந்த மூன்று புள்ளிகளும் தவறு, அழித்துவிட்டுக் கோட்டை நேராகப் போடு என்றார். அழித்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, மறுபக்க எழுத்து தெரிந்தது.

அந்த மூன்று புள்ளிகளும் சரியானவை. நீர்மம் திண்மமாக ஒரு தொடக்கம் வேண்டும்: ஒரு சிறு படிகக் கரு, ஒரு தூசு, ஒரு கீறல். அது வாய்க்கும்வரை உறைநிலைக்குக் கீழேயும் நீர்மமாகவே இறங்கும். உறையத் தொடங்கியதும் உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு வெப்பநிலையை உறைநிலைக்குத் தூக்கிவிடும். மீக்குளிர்வு எனப்படும் இதை நீரில் கண்டு பாரன்ஹீட் 1724-லேயே எழுதிவிட்டார். மேகத்துளிகள் மைனஸ் 20 டிகிரியிலும் நீராகவே மிதப்பதும், விமான இறக்கை பட்டதும் அதன்மேல் பனியாக ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். சூடேற்றும்போது பனிக்கட்டி 0 டிகிரியைத் தாண்டிக் கட்டியாகவே இருப்பதை இப்படி எளிதில் பார்க்க முடியாது. ஆகவே குளிர்தல் கோட்டைத் திருப்பிப் போட்ட படம் என்று சொல்வது பொருந்தாது.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், படத்தை இரு பக்கங்களுக்குக் குறுக்காகப் போடுங்கள். குளிர்தல் கோட்டில் அந்தச் சிறு பள்ளத்தையும் விடாதீர்கள். அளவு வைத்து நான் வரைந்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிட்டத்தட்ட 31 செ.மீ. நீளம், உறைக்குள் அடங்க மடித்திருக்கிறேன். ஒட்டிய இடத்தில் கோடு விலகாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்