ஆஸ்டினில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா

அன்புள்ள கயல்,

நீ மாணவர் பேரவைத் தேர்தலில் இரண்டாவது முறையும் தோற்றதைச் சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம்" என்றேன். "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து மனசு சரியில்லை. பேசினால் மறுபடி எதையாவது உளறுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் அமெரிக்காவில், உங்கள் ஆஸ்டின் விமான நிலையத்தில் ஒரு வெண்கலச் சிலையைக் காட்டி, "யாரு இவங்க?" என்று அம்மா கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "பார்பரா ஜோர்டன், இந்த டெர்மினலுக்கே அவங்க பேர்தான்" என்று சொல்லிவிட்டு நீ டாக்சி பார்க்கப் போய்விட்டாய். ஊருக்கு வந்ததிலிருந்து அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

1936இல் ஹூஸ்டனின் ஐந்தாவது வார்டில் பிறந்த கறுப்பினப் பெண். சட்டம் படித்துவிட்டு, 1962இலும் 1964இலும் டெக்சஸ் மாநிலக் கீழவைக்கு நின்றார். இரண்டு முறையும் தோல்வி. ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்க எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஓட்டுப் போடும் முறை அப்போது. அவர் பேட்டையில் விழுந்த ஓட்டெல்லாம் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோனது. தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். 1966இல் மாநில மேலவையான செனட்டுக்கே ஜெயித்துவிட்டார். 1883க்குப் பிறகு அங்கே நுழைந்த முதல் கறுப்பர் அவர். மற்ற 30 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். அதே பெண், அதே குரல். மாறியது வரைபடத்தில் ஒரு கோடு.

"பெரிய டிபார்ட்மென்ட்காரங்க அவங்க ஆளுக்குத்தான் போடுவாங்கப்பா" என்று நீ சொன்னதைச் சாக்கு என்று நினைத்தேன் பார்.

அவருடைய அப்பா பெஞ்சமின் ஒரு போதகர். மகள் ஐந்து 'ஏ'யும் ஒரு 'பி'யும் வாங்கி வந்தால், அந்த 'பி' ஏன் வந்தது என்று கேட்பாராம். இதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். 1972 ஜூன் 10 அன்று, செனட்டின் தற்காலிகத் தலைவர் என்ற முறையில் பார்பரா ஒரு நாள் டெக்சஸ் ஆளுநராக இருந்தார். விழாவுக்கு வந்திருந்த அப்பாவுக்கு அன்றே உடம்பு முடியாமல் போனது. மறுநாள் இறந்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரமானது.

அப்புறம் 1973இல் வாஷிங்டன், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை. மறுவருஷம் ஜனாதிபதி நிக்சனைப் பதவி நீக்குவது பற்றிய விசாரணையில் நீதிக் குழு உறுப்பினராகப் பேசியதுதான் நாடு முழுக்கக் கேட்ட பேச்சு. "நாங்கள், மக்கள்" என்று தொடங்கும் அரசியல் சாசனம் 1787இல் முடிவானபோது அதில் தான் சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டு, அதே சாசனத்தின் மேல் தனக்குள்ள முழு நம்பிக்கையையும் சொன்னார். மூன்று முறை உறுப்பினராக இருந்துவிட்டு 1979இல் விலகி, உங்கள் ஆஸ்டினில்தான் பாடம் நடத்தினார். 1996இல் போய்ச் சேர்ந்தார்.

மறுபடி நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உழைப்பு என்ற வார்த்தையையே எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா