தமிழில் கேட்டதும் நீ நிமிர்ந்து பார்த்தாய்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு போனில், உங்கள் லோயர் ஒபிசில் நீ கேஸ் பார்க்கிற அந்த எரித்திரியப் பெண்ணைப் பற்றிக் கேட்டாய். அடுத்த கிழமை அவளுக்கு அசைலம் இன்டர்வியூ, அகதித் தஞ்சம் கேட்டதற்கான விசாரணை, ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், பார்க்க ஒருத்தரும் இல்லை, கூட்டிக்கொண்டு போகட்டுமே, என்ன வந்துவிடப் போகிறது அம்மா என்று. நான் பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை பிள்ளை. தம்பி பக்கத்தில் இருந்தான், அதோடு இது எனக்கு வாயால் சொல்ல வராது. வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

கூட்டிக்கொண்டு போக விடாதே. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

2001 தை மாதம் எங்கள் இன்டர்வியூ நடந்தது. இங்கே வந்திறங்கி ஆறு மாதம். அப்பா அப்போது கொழும்பில் லொட்ஜில் இருந்தார். எங்களை லண்டனில் வைத்திருக்காமல் வடக்கே ஒரு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள், அந்தத் தெருவில் தமிழ் கதைக்க ஆளில்லை. உனக்கு நாலு வயது, தம்பிக்குப் பத்து மாதம். பக்கத்து வீட்டுக் கிழவி நல்ல மனுசிதான், ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று கேட்க எனக்கு இங்கிலீசும் இல்லை, துணிவும் இல்லை. உன்னைக் கையில் பிடித்து, அவனைத் தள்ளுவண்டியில் வைத்து, இருட்டோடு ரயிலேறினேன்.

நீ மறந்திருப்பாய், அந்த நாளில் எங்களுக்கு வவுச்சர்தான், காசுக்குப் பதிலாக அரசாங்கம் தந்த கடைச்சீட்டு. 2000 ஏப்ரலில் தொடங்கிய முறை அது. ஆளுக்குக் கிழமைக்கு 10 பவுண்தான் காசு, மற்றதெல்லாம் வவுச்சர், கடையில் மிச்சக்காசும் தரமாட்டார்கள். ஐந்து பவுண் வவுச்சருக்கு நாலரைப் பவுணுக்குச் சாமான் வந்தால் மிச்சத்துக்கு எதையாவது எடுத்து நிரப்ப வேண்டும். அப்படிக் கணக்கு நிரப்ப எடுத்த பிஸ்கட் பக்கெட் ஒன்று அன்று என் பையில் இருந்தது.

சின்ன அறை, ஜன்னல் இல்லை. அதிகாரி ஆண், மொழிபெயர்ப்பாளரும் ஆண், ஊரில் வாத்தியார் மாதிரி ஒரு பெரியவர். அதிகாரி கெட்டவர் என்று சொல்லமாட்டேன், உனக்கு அவர்தான் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்துத் தந்தார். நீ என் காலடியில் நிலத்தில் குந்தியிருந்து பஸ் கீறினாய், சில்லுக்கு மேல் சில்லாக. எந்த ஊர், எத்தனையாம் ஆண்டு வவுனியாவுக்கு வந்தீர்கள், அங்கேயிருந்து வெளியேறப் பாஸ் எப்படி எடுத்தீர்கள் என்று கனக்கக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். பிறகு அதிகாரி இங்கிலீசில் ஒன்று கேட்டார். நீ உன் பாட்டில் கீறிக்கொண்டிருந்தாய். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிவிட்டு, மேசையைப் பார்த்தபடி, அதைத் தமிழில் கேட்டார்.

"அந்த மூன்று நாளும் முகாமுக்குள்ள உங்களுக்கு என்ன செய்தவை?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். பென்சில் நின்றுவிட்டது. இங்கிலீசில் இருந்தவரைக்கும் உனக்கு அது வெறும் சத்தம், தமிழில் வந்ததும் அம்மாவைப் பற்றிய கதை. இரவில் கதை கேட்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அதே பார்வை.

"விசாரிச்சிட்டு விட்டிட்டினம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அப்போது ஒலிப்பதிவு ஒன்றும் இல்லை, அதிகாரி கையாலேயே எழுதினார், எழுதி முற்றுப்புள்ளி வைத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ "ஆரம்மா, ஆமியோ?" என்றாய். நான் பிஸ்கட்டை உடைத்து உன் கையில் தந்தேன்.

நீ அழுதது அதற்குப் பிறகு. உனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது, தம்பியும் எழும்பிக் கத்தத் தொடங்கிவிட்டான், அதோடு சரி, இன்டர்வியூவை முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சித்தப்பா பகிடியாகச் சொல்லுவாரே, "இவள் அழுதுதான் கேஸ் போனது" என்று, நீயும் சிரிப்பாய். அவருக்குத் தெரியாது. உன் அழுகையால் ஒன்றும் போகவில்லை. நீ அழாமல் பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிசத்தில் நான் சொல்லாமல் விட்டதால்தான் கேஸ் போனது, அதில் உன் பிழை என்ன இருக்கிறது. இதை இருபது வருசத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மறுப்புக் கடிதத்தில் அந்த வசனத்தையே திருப்பிப் போட்டிருந்தார்கள். விசாரித்துவிட்டு விட்டார்கள் என்றால் உங்களைத் தேடவில்லை என்றுதானே பொருள் என்று. பிறகு ஒரு பெண் லோயர் கிடைத்தா. நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து அவவிடம் போய்ச் சொன்னேன். அப்பீலில் எழுதிக் கொடுத்தா, அதற்கு வந்த கேள்வி, முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்பது. அதற்குள் 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்துவிட்டது, நாட்டில் சமாதானம், திரும்பிப் போகலாமே என்றும் சொன்னார்கள். கடைசியில் என் கதையை நம்பியா விசா தந்தார்கள்? இல்லை. 2003 ஒக்டோபரில் பிளங்கற் உள்துறை அமைச்சராக இருந்தபோது ஒரு அறிவித்தல் விட்டார்கள், 2000 ஒக்டோபர் 2ஆம் திகதிக்கு முன் அசைலம் கேட்ட, பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இங்கேயே இருக்க அனுமதி என்று. நாங்கள் கேட்டது 2000 ஆடியில். உன்னையும் தம்பியையும் வைத்துத்தான் எனக்கு நிரந்தர விசா வந்தது. சித்தப்பா இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

சரி, அந்தப் பெண்ணின் விசயத்துக்கு வருகிறேன். இன்டர்வியூ நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஒழுங்கு செய்து தரமுடியுமா என்று உள்துறை அமைச்சுக்கு இன்றைக்கே எழுதிக் கேள். வாயால் கேட்காதே, எழுத்தில் கேட்டுக் கொப்பியும் வைத்திரு. பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று அதே கடிதத்தில் போடு, அவள் கேட்காவிட்டாலும் நீ அவளிடம் கேட்டுப் போடு, எனக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாது. மூன்று வயதுக்கு ஒன்றும் விளங்காது என்று யாரும் சொன்னால் நம்பாதே. மொழிபெயர்ப்பாளர் டிக்ரிஞாவில்தானே கேட்பார், அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியில்.

இன்னொன்று, இது உனக்கு. அவள் உங்கள் ஒபிசுக்கு வந்து வாக்குமூலம் எழுதும்போது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? மூலையில் விளையாட்டுச் சாமான் பெட்டியோடா? மொழிபெயர்ப்பாளரைப் போனில் ஸ்பீக்கரில் போட்டுத்தானே கதைக்கிறீர்கள்?

நீ படிக்கிற காலத்தில் ஒருநாள் வந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழிகாட்டலை வாசித்துக் காட்டினாய், 2002 மே மாதத்தது. பெண்களைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே "நல்லது" என்றேன். எனக்கு அது ஒரு வருசம் பிந்தி வந்தது என்று சொல்லவில்லை.

அந்த மூன்று நாளைப் பற்றி இதிலும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். உனக்கு முப்பது வயதாகப் போகிறது, சட்டம் படித்தவள், ஆனால் எழுத உட்கார்ந்தால் பென்சிலோடு நிமிர்ந்து பார்த்த முகம்தான் வருகிறது. கேட்கவேண்டுமென்றால் நேரில் கேள், சொல்லப் பார்க்கிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஒழுங்கும் சரிவராவிட்டால் எனக்கு ஒரு மெசேஜ் போடு. முதல் நாள் இரவே கோச் ஏறி வந்துவிடுவேன். உங்கள் ஒபிசில் அதற்கு ஏதும் சட்டதிட்டம் இருந்தால் முதலே கேட்டு வை, அந்தப் பெண்ணுக்கும் என்னைக் காட்டு, அவளுக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம். சம்மதம் என்றால், அவள் வெளியே வரும்வரைக்கும் நான் பிள்ளைகளோடு வாசலில் இருப்பேன். பாஷை தெரியாதுதான், ஆனால் பிஸ்கட் இருக்கிறது, பஸ்ஸும் கீறத் தெரியும்.

அம்மா