மீன்களுக்கு மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணைக் குட்டைகளில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை வளர்ப்போரில் பலர், மீனின் உடலில் சிவந்த புண்ணைக் கண்டதும் எந்தக் கிருமி என்று பரிசோதிக்காமலே ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்து போடுகிறார்கள். இது மிகவும் கவலைக்குரியது. 1988-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் தலைகாட்டும் கொள்ளைப் புண்நோயைப் பரப்புவது பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிர். அதன்மேல் ஆன்டிபயாட்டிக் எதுவும் வேலை செய்யாது.

ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களோ குட்டை நீரில் எப்போதும் இருப்பவை. அவை உடலுக்குள் நுழைந்தால் மீனின் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடு என்னும் நச்சாக மாற்றித் தாக்குகின்றன. அந்த நச்சு மீனின் சொந்தத் திசுக்களையும் அரிக்கும் என்பதால், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, கேட்டலேஸ் என்ற மற்றொரு நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. குளுட்டத்தயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றுகிறது. அதற்குச் செலினியம் என்ற தாது வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பெரும்பாலும் நாம்தான். குஞ்சுகளை அளவுக்கு மீறி விட்ட குட்டையில், பாசியும் மீனும் இரவெல்லாம் சுவாசிப்பதால் விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிட, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அந்த நேரத்தில் கிருமியைத் தாக்க வெள்ளணுக்களுக்கே ஆக்சிஜன் போதாது. கழிவிலிருந்து சேரும் அம்மோனியா செவுள்களைப் புண்ணாக்கி, நொதிகளின் சுமையையும் கூட்டுகிறது. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நோய் எதிர்ப்பைத் தணிக்கிறது. ஈரத்தில் அடுக்கி வைத்துக் காறல் வாடை ஏறிய தவிட்டையும் பிண்ணாக்கையும் போடுவது இன்னும் மோசம்; கெட்டுப்போன அந்தக் கொழுப்பே மீனின் உடலில் நச்சைக் கூட்டும். இந்த நச்சை எதிர்க்க உதவும் வைட்டமின் சி-யை மீன்களால் தாமாகத் தயாரிக்க இயலாது என்பதையும் தீவனம் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் ஆகியவற்றை மீன் வளர்ப்பில் பயன்படுத்தத் தடை உள்ளது. தடையோடு நின்றுவிடாமல், நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் அளக்கும் கருவிகளை மீன்வளத்துறை ஊராட்சி ஒன்றிய அளவில் விவசாயிகளின் கைக்கு எட்டச் செய்ய வேண்டும். நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உதவியுடன், நோயுற்ற மீனைக் கொடுத்தால் இரண்டொரு நாளில் முடிவு சொல்லும் ஆய்வகங்களை மாவட்டந்தோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் திறக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பில் அக்கறை கொண்ட வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்