வரிக்குதிரைக்கு கேரட் நீட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, கார்ல உக்காந்தபடியே விலங்கு பாக்குற பார்க் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வரிக்குதிரைக்கு ஜன்னல் வழியா கேரட் குடுங்க, வாத்துக்கு பிரெட் போடுங்கன்னு எழுதிட்டீங்களே சார், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மக வீட்டுக்குப் போனப்ப கனடா ஒன்டாரியோல அப்படி ஒரு பார்க்குக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஒரு வரிக்குதிரை வந்து எங்க கண்ணாடி மேல மூக்க வச்சு மூச்சு விட்டுச்சு, கண்ணாடியே மங்கிப் போச்சு, மூக்கு கரிச்சட்டி மாதிரி கருப்பு. வரிக்குக் கீழ தோலும் அதே கருப்புதானாம், வெள்ளை எல்லாம் மேல இருக்குற முடிதான். பேருலதான் குதிரை, சொந்தம் கழுதையோடதான் கிட்ட. கடிச்சா லேசுல விடாது, விரல் நீட்டுற வேலையே வேண்டாம். அந்த வரி எதுக்குன்னு 2019ல இங்கிலாந்துல குதிரைங்களுக்கு வரி போட்ட கோட்டு மாட்டிப் பாத்திருக்காங்க, ஈ பக்கத்துல வருது, ஆனா கோட்டு மேல சரியா இறங்கத் தெரியல, கோட்டு இல்லாத தலைல மட்டும் எப்பவும் போல வந்து உக்காந்துச்சாம்!

வாத்து கதை வேற. அது நம்மூர் வாத்து இல்ல, கனடா கூஸ், கழுத்து கருப்பு, பல்வலிக்காரர் தாடைக்கு துணி கட்டின மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. நம்ம கூந்தன்குளத்துக்கு வர்ற வரித்தலை வாத்துக்கு சொந்தக்காரங்க. பெரும்பாலும் பார்க் வளக்குறது கூட இல்ல, புல்லும் தண்ணியும் பாத்து தானா வந்து தங்குறது. நாங்க போனது ஜூன் கடைசி, குஞ்சுகளோட ரோட்டை மறிச்சு நின்னுச்சு, ஹாரன் அடிச்சா பறந்துடும்னு மாப்பிள்ளை கைய கொண்டு போனாரு, மகதான் தடுத்தா. அந்த சீசன்ல பெருசுகளுக்கு இறக்கை இறகு மொத்தமா உதிர்ந்து ஒரு மாசம் போல பறக்கவே முடியாதாம், குஞ்சுகளுக்கோ இறகே முளைக்கல, பறந்து எங்க போகும்? கிட்ட போனா அப்பன் வாத்து கழுத்த நீட்டி பாம்பு மாதிரி சீறுது. முன்னாடி கார்ல ஒருத்தர் பிரெட்ட வீசினாரு பாருங்க, ஓரமா ஒதுங்கிட்டிருந்ததெல்லாம் திரும்ப நடுரோட்டுக்கு வந்துடுச்சு, அப்புறம் கால் மணி நேரம் அங்கயே. புல் மேயுற பறவைக்கு பிரெட்டு ஆகாது, குஞ்சுக்கு இறக்கை கோணலா வளந்துடும்ங்குறாங்க.

அடுத்த ஞாயிறு அந்த ரெண்டு வரிய மட்டும் திருத்திப் போட்டுடுங்க சார், லீவுக்கு பிள்ளைங்களப் பாக்க அங்க போறவங்க நிறைய பேரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்