யூடிசியில் சேமித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் டேட்டாபேஸ் பற்றி வந்த கட்டுரையில், நேரத்தை எப்போதும் யூடிசியில், அதாவது உலகம் முழுக்கப் பொதுவான அடிப்படை நேரத்தில், சேமித்துவிட்டால் டைம் ஸோன் தொல்லையே இருக்காது என்று எழுதியிருந்தார்கள். பாதிதான் சரி. மீதியையும் நம்பி புரோகிராம் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்து முடிந்ததை, அதாவது பணம் எப்போது போனது, யார் எப்போது லாகின் செய்தார் என்பதையெல்லாம் யூடிசியில்தான் வைக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. உள்ளூர் நேரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நியூயார்க்கில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும், கோடை நேரத்துக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை மறுபடி 1 மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள், ஆக ஒரே ராத்திரியில் 1:30 இரண்டு முறை வருகிறது. முதல் சுற்றில் 1:50க்குத் தொடங்கி 20 நிமிடம் ஓடிய ஒரு வேலை, 1:10க்கு முடிந்ததாகப் பதிவாகும். கழித்துப் பார்த்தால் மைனஸ் 40 நிமிடம்! எது முதல் 1:30, எது இரண்டாவது என்று அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நேரத்தை வைக்க 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' என்ற டைப் இருக்கிறது. அது ஸோனையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி 8 பைட்டில் வைத்துவிட்டு ஸோனை விட்டுவிடும், கேட்கும்போது உங்கள் செஷனின் (டேட்டாபேஸோடு அப்போதுள்ள இணைப்பின்) ஸோனுக்கு மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். 'வித்தவுட் டைம் ஸோன்' டைப்பில் +05:30 என்று சேர்த்துக் கொடுத்தாலும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் அதைக் கண்டுகொள்ளாமல் போகும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் டைம்ஸ்டாம்ப் டைப் யூடிசிக்கு மாற்றும், டேட்டைம் டைப் கொடுத்ததை அப்படியே வைக்கும். ஆனால் அந்த டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19க்கு மேல் தாங்காது. 20 வருட ஒப்பந்தம் முடியும் நாளை இன்றைக்கே அதில் போட முடியாது.

சரி, இனி நடக்கப்போகிறதற்கு வருவோம். கட்டுரை சறுக்கியது இங்கேதான். 2022 தொடக்கத்தில் ஒருவர், 2023 ஜூலையில் மெக்சிகோ சிட்டியில் காலை 10 மணிக்கு ஒரு சந்திப்பு குறிக்கிறார் என்று வையுங்கள். அப்போதைய விதிப்படி கோடையில் அந்த ஊர் யூடிசியிலிருந்து 5 மணி நேரம் பின்னால், எனவே 15:00 யூடிசி என்று சேமிப்பீர்கள். 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள், வித்தியாசம் 6 மணி நேரமாக நின்றுவிட்டது. இப்போது உங்கள் புரோகிராம் காலை 9 மணி என்று காட்டும். சந்திக்கப்போகிறவர்கள் பேசிக்கொண்டதோ 10 மணி. டேட்டாபேஸில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் பதிவு பொய்யாகிவிட்டது.

இதற்கு, உள்ளூர் நேரத்தை ஒரு ஃபீல்டிலும் 'அமெரிக்கா/மெக்சிகோ_சிட்டி' என்ற ஸோன் பெயரை இன்னொரு ஃபீல்டிலும் வைக்க வேண்டும். யூடிசியும் வேண்டுமென்றால் கணக்கிட்டு வையுங்கள், ஸோன் விதிகள் அப்டேட் ஆகும்போது திரும்பக் கணக்கிடுங்கள். பெயருக்குப் பதில் -06:00 என்று வைத்தால் பயனில்லை, அது அந்த நாளின் வித்தியாசம்தான், விதி அல்ல. ஐஎஸ்டி போன்ற ஸோன் சுருக்கங்கள் வேண்டவே வேண்டாம். இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் அதே எழுத்துகள். மைஎஸ்கியூஎல்லில் ஸோன் அட்டவணைகளைத் தனியாக ஏற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது, ஏற்றாமல் பெயரைக் கொடுத்து நேரத்தை மாற்றச் சொன்னால் பிழை சொல்லாமல் வெற்று மதிப்பைத்தான் திருப்பும்.

பிறந்த தேதிக்கு வெறும் டேட் டைப் போதும். அதோடு 00:00 சேர்த்து ஸோன் மாற்றத்துக்கு விட்டால் சிலருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விடும்.

உங்கள் பக்கத்தைப் படித்துத்தான் முதல் டேபிளை உருவாக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த வாரம் இதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்