குட்டைக் குழல் பிஸ்டல் பற்றி

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்குப் படிப்பு முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது. அங்கே தம்பியின் உடம்பு இப்போது தேவலையா?

டெக்சஸில் ஏஆர் பிஸ்டல் (ஏஆர்-15 ரைஃபிளின் அமைப்பில் தோள்கட்டை இல்லாமல் வரும் குட்டைத் துப்பாக்கி) வாங்கப் போவதாகவும், குழல் ஏழரை அங்குலமா பத்தரை அங்குலமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். நீளம் பிறகு, முதலில் எந்தத் தோட்டா என்று முடிவு செய்.

ஏஆரின் வழக்கமான 5.56 மி.மீ. தோட்டா 20 அங்குலக் குழலுக்காகப் பிறந்தது. 55 கிரெய்ன் எடைக் குண்டு அதிலிருந்து நொடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் போகும். பத்தரை அங்குலத்தில் அது 2,700க்குப் பக்கத்தில் வந்துவிடும், ஏழரையில் இன்னும் சில நூறு அடி குறையும். அந்தச் சிறிய குண்டுக்கு வேகம் ஒன்றுதான் பலம். குழலுக்குள் வேலை செய்யாத வாயு வாய்க்கு வெளியே தீயாகவும் சத்தமாகவும் போய்விடும். ரஷ்யர்களுக்கும் இதே பாடுதான். தங்கள் ஏகே-74 ரைஃபிளின் 415 மி.மீ. குழலைச் சுமார் 206 மி.மீ. ஆக்கி ஏகேஎஸ்-74யு செய்தபோது வேகம் நொடிக்கு 900 மீட்டரிலிருந்து 735க்கு இறங்கியது. துப்பாக்கி ஒழுங்காக இயங்க, குழல் முனையில் வாயுவைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் தடித்த கூடு ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது.

உண்மையான தொல்லை வாயுத் துளையில்தான். தோட்டாவுக்குப் பின்னால் அறையை மூடிப் பூட்டும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, குழலிலிருந்து வாயுவை எடுக்கும் துளை அது. குண்டு துளையைத் தாண்டியபின் குழலில் மிச்சமிருக்கும் தூரம்வரைதான் போல்ட்டைத் தள்ள அழுத்தம் கிடைக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்4 ரைஃபிளில் அது சுமார் 7 அங்குலம். அதே வாயு அமைப்புள்ள பத்தரை அங்குலக் குழலில் சுமார் மூன்றுதான். அதனால் துளையைப் பெரிதாக்குகிறார்கள். ஏழரை அங்குலத்திலோ துளை, தோட்டா உட்காரும் அறைக்கு இன்னும் பக்கத்தில், அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில் வருகிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு அறைச் சுவரை இன்னும் விடாதபோதே போல்ட் பின்னுக்கு இழுக்கும். கூட்டின் விளிம்பு கிழியும். போல்ட் அத்தனை வேகமாகத் திரும்புவதால் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கி நிறுத்துவதற்குள் அதைத் தாண்டிப் போய்விடும்.

சுட்ட கூடுகள் எங்கே விழுகின்றன என்று பார். கடிகாரத்தில் 3, 4 மணித் திசை என்றால் சரி. 1 மணித் திசையில் முன்னுக்குப் பறந்தால் வாயு அதிகம். விளிம்பிலும் பிடுங்கிய தடம் தெரியும். அப்போது பஃபரை, அதாவது போல்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு ஓடி அதன் வேகத்தைத் தணிக்கும் எடையை, மாற்று. சாதாரணமானது 3 அவுன்ஸ், அதைவிடக் கனமான எச்2 4.6, எச்3 5.4. எடுத்த எடுப்பில் எச்3க்குப் போகாதே. ஒவ்வொரு படியிலும் மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுடு. போல்ட் பின்னால் பூட்டி நின்றால் போதும், நிற்காவிட்டால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். நீ வழக்கமாகப் போடும் தோட்டாவிலேயே இதைச் செய்.

ஒன்பது அங்குலத்துக்குக் கீழே போவதானால் .300 பிளாக்கவுட்டை எடு, 5.56 வேண்டாம். அதன் மருந்து வேகமாக எரியும். குட்டைக் குழலை நினைத்தே செய்த தோட்டா அது. போல்ட்டும் மேகசினும் 5.56க்கு உள்ளவையே. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பிளாக்கவுட் தோட்டா 5.56 அறைக்குள் நுழைந்து போல்ட்டும் பூட்டிவிடலாம். சுட்டால் துப்பாக்கி சிதறும், கையும் முகமும் போகும். இரண்டையும் வைத்திருந்தால் வேறு நிற மேகசின், வேறு பெட்டி என்று கட்டாயம் பிரித்துவை.

ஏஆரின் ஸ்பிரிங் பின்புறக் குழாய்க்குள் ஓடுவதால் சாதாரண ஏஆர் சுடும் நிலையில் மடங்காது. பைக்குள் அடங்க வேண்டுமானால் சிக் நிறுவனத்தின் எம்சிஎக்ஸ் ராட்லர் துப்பாக்கி நல்லது. அதன் ஸ்பிரிங்குகள் போல்ட்டுக்கு மேலேயே இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைப் பதிவு செய்ய வேண்டும். பிஸ்டலுக்கு அந்த அளவு இல்லை. தோள்கட்டை மாட்டினால் பிஸ்டல் ரைஃபிளாகிவிடும், ஆகவே பதிவு இல்லாமல் மாட்டாதே. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவு என்றால் முன்பக்கம் செங்குத்துக் கைப்பிடியும் கூடாது. ஆனால் கை முனைக்கு முன்னால் நழுவாமலிருக்க ஒரு தடுப்பு கண்டிப்பாக வேண்டும்.

பார்வைக்கருவி குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கும். ஏழு கஜத்தில் குண்டு இரண்டு அங்குலம்போலத் தாழ்ந்து படும், அதைப் பார்த்துப் பதறாதே. கூரைக்குள் சுடும்போது காதடைப்பான், அதன்மேல் காதை மூடும் கவசம் இரண்டும் போடு.

கடையில் பார்த்த துப்பாக்கியின் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று எழுது. அறை வகை (எந்தத் தோட்டாவுக்கானது), முறுக்கு விகிதம் (குழலுக்குள் உள்ள பள்ளம் ஒரு சுற்று சுற்ற எத்தனை அங்குலம்) இரண்டும் வேண்டும்.

அன்புடன்,
இராமலிங்கம்