முயல், அணிலுக்கு எந்தத் தோட்டா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். பயிரைக் கடிக்கிற முயல், தரை அணில் மாதிரி சின்னதுங்களுக்கு எந்தத் தோட்டான்னு கேக்குறவங்களுக்கு சொல்றேன், கிட்டக்க சுடணும்னா பாயிண்ட் 22 எல்ஆர் (லாங் ரைஃபிள்ங்கிற சின்னத் தோட்டா) போதும், சத்தமும் செலவும் கம்மி. ஆனா 50 கஜத்துக்கு ஜீரோ வெச்ச, அதாவது அந்த தூரத்துல குறியிலயே படுற மாதிரி சரிபண்ணின ரைஃபிள்ல 100 கஜத்துல குண்டு அஞ்சாறு இஞ்ச் கீழ எறங்கிடும், தலைக்கு குறி வெச்சது வயித்துல பட்டு அது துடிக்கிறத பாக்க முடியாது சார். 2002ல வந்த பாயிண்ட் 17 எச்எம்ஆர்ங்கிற தோட்டா, பாயிண்ட் 22 மேக்னம் தோட்டாவோட பித்தளைக் கூட்டுக் கழுத்த ஒடுக்கி செஞ்சது, 17 கிரெயின் (சுமார் 1.1 கிராம்) எடை குண்டு வினாடிக்கு சுமார் 2,550 அடி வேகத்துல போறதால அந்த தூரத்துலயும் குறி அதிகம் மாறாது, காத்தடிச்சா மட்டும் ஒதுங்கும். என் ஓட்டு அதுக்குத்தான். எதுவானாலும் பின்னாடி மண்மேடு இல்லாம விசைய தொடாதீங்க, எல்ஆரோட ஈயக்குண்டு கல்லுல பட்டா தெறிச்சு எங்கயோ போயிடும்.